நவம்பர் மாதமும் பிரிட்டிஷ் வரலாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் நவம்பர் பிறந்தால் இரண்டு விஷயம் நிச்சயம். மாலை நாலரைக்கே இருட்டிவிடும், புதிதாக வந்த யாராவது எனக்கு போன் போட்டு, "வெளியே என்ன சத்தம்?" என்று கேட்பார்கள். படிக்க வந்த பிள்ளைகள், பேரக்குழந்தையைப் பார்க்க வந்த பெரியவர்கள், ஊரில் வினாடி வினாவுக்குத் தயாராகிறவர்கள் என ஆட்கள் மாறுவார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. வருஷா வருஷம் ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

தீபாவளிதான் முடிந்துவிட்டதே, இன்னும் யார் வெடி போடுகிறார்கள்?

வெள்ளைக்காரர்கள்தான். நவம்பர் 5 இரவு அவர்களுக்கு 'பான்ஃபயர் நைட்'. 1605-இல் நாடாளுமன்றத் தொடக்க விழாவன்று, மன்னர் முதலாம் ஜேம்ஸ் உள்ளே இருக்கும்போதே கட்டடத்தை வெடிவைத்துத் தகர்க்க ஒரு கத்தோலிக்கக் குழு திட்டம் போட்டிருந்தது. விடிவதற்குள் குட்டு உடைந்தது. மன்னர் பிழைத்தார் என்று அன்றைக்கே லண்டன் தெருக்களில் நெருப்பு மூட்டிக் கொண்டாடினார்கள். அதைத்தான் இன்றும் செய்கிறார்கள்.

பார்ப்பதற்கு நம் கார்த்திகைச் சொக்கப்பனை போல இருக்கும். பல ஊர்களில் உச்சியில் ஒரு கொடும்பாவியும் உட்கார்ந்திருக்கும். அப்புறம் வாணவேடிக்கை. யார்க்‌ஷயர் பக்கம் போனால் இஞ்சி, ஓட்ஸ் மாவு, கருப்பான சர்க்கரைப் பாகு எல்லாம் போட்டுச் செய்த 'பார்கின்' கேக் கிடைக்கும், விடாதீர்கள். இங்கிலாந்துச் சட்டப்படி மற்ற நாட்களில் இரவு 11 மணிக்கு மேல் வெடி போடக்கூடாது. நவம்பர் 5 அன்று 12 வரை போடலாம். தீபாவளிக்கு 1 மணி வரை அனுமதி உண்டு. இதில் மட்டும் நமக்கு ஒரு மணி நேரம் கூடுதல்.

கை ஃபாக்ஸ்தானே அந்தச் சதிக்குத் தலைவன்?

இல்லை. தலைவன் ராபர்ட் கேட்ஸ்பி. ஆங்கிலேயத் திருச்சபை வழிபாட்டுக்கு வராத கத்தோலிக்கர்களுக்கு அபராதம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. புது மன்னர் வந்தால் நிலைமை மாறும் என்று நம்பி ஏமாந்தவர்கள் சேர்த்த கூட்டம். கை ஃபாக்ஸ் யார்க் நகரத்துக்காரர். ஸ்பெயின் படையில் சேர்ந்து நெதர்லாந்தில் போரிட்டவர், வெடிமருந்தைக் கையாளத் தெரிந்தவர். அதனால் பிரபுக்கள் அவைக்கு அடியில் இருந்த நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்துக்குக் காவல் நிற்கும் வேலை அவருக்கு வந்தது.

மான்ட்ஈகிள் பிரபுவுக்கு அக்டோபர் 26 அன்று வந்த ஒரு மொட்டைக் கடிதம் காரியத்தைக் கெடுத்தது. 4-ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் சோதனை போட்டபோது மாட்டியவர் ஃபாக்ஸ். பெயர் கேட்டால் "ஜான் ஜான்சன்" என்றார். கேட்ஸ்பி மூன்று நாள் கழித்து ஸ்டாஃபர்ட்‌ஷயரில் சுட்டுக் கொல்லப்பட்டார். உயிரோடு சிக்கி, சித்திரவதைப்பட்டு, 1606 ஜனவரி 31 அன்று ஊரறிய மரண தண்டனை பெற்றதால் ஃபாக்ஸின் பெயர்தான் நின்றது. எரிக்கிற பொம்மைக்கு 'கை' என்றே பெயர். ஆங்கிலத்தில் இன்று 'ஆள்' என்ற பொருளில் சாதாரணமாகச் சொல்கிறார்களே, 'கை', அந்தச் சொல்லும் இங்கிருந்து வந்ததுதான். அவர் படித்த யார்க் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் மட்டும் பொம்மையை எரிப்பதில்லை. பழைய மாணவராயிற்றே.

வெடிக்கவே வெடிக்காத ஒன்றுக்கு நானூறு வருஷமாக விழாவா?

நியாயமான கேள்வி. பதில், சட்டம் போட்டார்கள். சில மாதங்களிலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று எல்லாத் தேவாலயங்களிலும் நன்றி வழிபாடு நடக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்தச் சட்டம் 1859 வரை அமலில் இருந்தது. இருநூற்றைம்பது வருஷம் கட்டாயப்படுத்திய பிறகு, விட்டுவிடுங்கள் என்றால் ஜனங்கள் விடுவார்களா? வழிபாடு போயிற்று, வெடி நிலைத்துவிட்டது.

இந்த நவம்பர் தேதிகளைப் பல வருஷமாகப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இது: நிகழ்ச்சி எவ்வளவு பெரியது என்பதை வைத்து நினைவுநாள் நிலைப்பதில்லை. யாருக்கு அது தேவைப்பட்டது, யார் உத்தரவு போட்டார்கள் என்று பாருங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை.

வினாடி வினாவில் 'நவம்பர் 5' என்றதும் வில்லியம் வந்திறங்கிய நாள் என்று சொன்னேன், தப்பு என்றார்கள். தப்பா?

சரிதான். கேட்டவர் ஆண்டைச் சொல்லியிருக்க வேண்டும். 1688 நவம்பர் 5 அன்று நெதர்லாந்து நாட்டு ஆரஞ்சு இளவரசர் வில்லியம், நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்களோடு டோர்பே விரிகுடாவில் பிரிக்ஸ்ஹாம் ஊரில் இறங்கினார். தன் மாமனாரான கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸை விரட்டிவிட்டு, மனைவி மேரியோடு சேர்ந்து அரியணை ஏறினார். 1689-இல் உரிமைகள் சட்டம் வந்தது, மன்னரின் கை கட்டப்பட்டது.

கத்தோலிக்கச் சதி முறிந்த அதே தேதியில் புராட்டஸ்டன்ட் இளவரசர் வந்து இறங்கினால் திருச்சபை சும்மா இருக்குமா? மேலே சொன்ன நன்றி வழிபாட்டிலேயே வில்லியத்தையும் சேர்த்துவிட்டார்கள். ஒரே செலவில் இரண்டு விசேஷம்.

சட்டையில் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொள்கிறார்களே, நானும் வாங்க வேண்டுமா?

அது பாப்பி. நம் கசகசாச் செடிக்கு ஒன்றுவிட்ட உறவு. முதல் உலகப் போரில் குண்டு விழுந்து கிளறிப்போட்ட பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில் முதலில் பூத்தது இதுதான். அதைப் பார்த்து 1915-இல் கனடா ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே ஒரு கவிதை எழுத, பூ சின்னமாகிவிட்டது. 1921-இல் இருந்து பிரிட்டனில் விற்கிறார்கள். பணம் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகிறது.

வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. போருக்கு எதிரான நிலைப்பாடு உள்ளவர்கள் 1933 முதல் வெள்ளைப் பாப்பி அணிகிறார்கள். எதுவும் அணியாதவர்களும் நிறையப் பேர். ஆனால் தொலைக்காட்சியில் வருகிறவர் அணியாவிட்டால் மறுநாள் பஞ்சாயத்துதான்.

நினைவுநாள் 11-ஆம் தேதியா, ஞாயிற்றுக்கிழமையா? ஆபீஸில் ஒன்று சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுத் தாத்தா வேறு சொல்கிறார்.

இரண்டும். 1918 நவம்பர் 11 விடிகாலை ஐந்து மணி தாண்டி, பிரான்சின் கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டியில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. காலை 11 மணிக்கு அமலுக்கு வந்தது. மறு ஆண்டு அதே நேரத்தில் இரண்டு நிமிட மௌனம் காக்கும்படி மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கேட்டுக்கொண்டார். 1920 நவம்பர் 11 அன்று, லட்யென்ஸ் வடிவமைத்த செனடாஃப் நினைவுத்தூண் லண்டன் வைட்ஹாலில் திறக்கப்பட்டது. புதுடெல்லியைக் கட்டிய அதே லட்யென்ஸ்தான். பெயர் தெரியாத ஒரு போர்வீரரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மன்னர்களுக்கு நடுவே அடக்கம் செய்ததும் அதே நாளில்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது வேலைநாளில் உற்பத்தி நிற்கக்கூடாது என்று நிகழ்ச்சியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்கள். போர் முடிந்தபின்னும் அப்படியே தங்கிவிட்டது. இப்போது நவம்பர் இரண்டாவது ஞாயிறு அரசு விழா. 11-ஆம் தேதி மௌனம் 1995 வாக்கில் திரும்பவும் பரவியது. ஆக உங்கள் ஆபீஸும் சரி, தாத்தாவும் சரி.

எங்கள் ஊர் நினைவுத்தூணில் '1914–1919' என்று செதுக்கியிருக்கிறது. கொத்தனார் தப்பா?

கொத்தனாரைத் திட்டாதீர்கள். 1918-இல் நின்றது சண்டைதான். ஜெர்மனியோடு சமாதானத்துக்கான வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28 அன்று. எந்த ஆண்டைப் போடுவது என்பது ஒவ்வொரு ஊரும் எடுத்த முடிவு.

அந்தப் போரில் நமக்கு என்ன சம்பந்தம்?

நிறைய. பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். எழுபதாயிரத்துக்கும் மேல் திரும்பி வரவில்லை. இவ்வளவு இருந்தும், லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் பக்கத்தில் இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன் வீரர்களுக்கான நினைவு வாயில்கள் திறக்கப்பட்டது 2002-இல்தான். எண்பத்து நாலு வருஷம் ஆயிற்று.

தமிழர்களுக்கு இன்னொரு நவம்பர் தேதியும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன், அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு முடிந்தது. கப்பல் போனாலும் "அவன் சரியான எம்டன்" என்ற பேச்சு நம்மிடம் நிலைத்துவிட்டது. இதற்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி முடிந்தது 1858 ஆகஸ்டிலா, நவம்பரிலா? இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருக்கிறது.

சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது ஆகஸ்ட் 2. விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தைக் கேனிங் பிரபு அலகாபாத்தில் படித்தது நவம்பர் 1. மற்ற ஊர்களிலும் அது படிக்கப்பட்டு, இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டது. மக்கள் காதில் விழுந்த தேதி நவம்பர் என்பதால் அது நினைவில் நின்றது. தேர்வில் 'சட்டம்' என்றால் ஆகஸ்ட், 'பிரகடனம்' என்றால் நவம்பர். கம்பெனி என்ற அமைப்பே கலைந்தது 1874-இல். இதையும் கேட்டுக் கவிழ்ப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

டச்சுக்காரர்கள் வில்லியம் வந்திறங்கியதை நவம்பர் 15 என்கிறார்களே? யார் சரி?

இரண்டு பேரும். ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகளில் பெரும்பாலானவை 1582-இல் போப் கிரெகரி திருத்திய நாட்காட்டிக்கு மாறின. போப் சொன்னதை நாங்கள் கேட்பதா என்று இங்கிலாந்து பழைய ஜூலியன் கணக்கிலேயே நின்றது. 1600-களில் வித்தியாசம் 10 நாள். லண்டனில் 5-ஆம் தேதி என்றால் ஆம்ஸ்டர்டாமில் 15. கை ஃபாக்ஸ் பிடிபட்டதும் புதுக் கணக்கில் நவம்பர் 15-தான்.

1752-இல் ஒருவழியாக இறங்கி வந்தார்கள். அதற்குள் வித்தியாசம் 11 நாளாகிவிட்டது. செப்டம்பர் 2 புதன்கிழமை படுத்தவர்கள் 14 வியாழக்கிழமை எழுந்தார்கள். வரலாற்றாசிரியர்கள் பொதுவாக அந்தக்கால இங்கிலாந்து தேதியை மாற்றாமல் வைத்துக்கொள்வார்கள். நம் வீட்டில் தாத்தாவுக்குத் திதி பார்த்துத் திவசம் கொடுக்கிறோம். இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் மாறும், யாரும் குழம்புவதில்லை. எந்தக் கணக்கு என்று சொல்லிவிட்டால் போதும்.

ஆண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் 1606 ஜனவரி அவர்களுக்கு இன்னும் 1605. 

"எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு" என்று ஜனங்கள் கலவரம் செய்தார்களாமே?

நல்ல கதை, ஆனால் அப்படிக் கலவரம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஓவியர் ஹோகார்த் 1750-களில் தேர்தல் கூத்தைக் கிண்டல் செய்து வரைந்த படத்தில் அந்த வாசகம் உள்ள பதாகை ஒன்று தரையில் கிடக்கும். அதைப் பிற்காலத்தில் நிஜம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் நடந்த மாற்றங்கள் இதைவிட சுவாரசியம். லண்டன் மேயர் ஊர்வலம் பழைய நாட்காட்டியில் அக்டோபர் 29. பதினொரு நாளைக் கூட்டி அதை நவம்பர் 9-க்கு மாற்றினார்கள். இரண்டு நூற்றாண்டு அந்தத் தேதியிலேயே நடந்து, 1959 முதல் நவம்பர் இரண்டாவது சனிக்கிழமைக்கு வந்தது. அன்று அந்தப் பக்கம் காரில் போகாதீர்கள்.

மன்னர் சார்லஸ் பிறந்தது நவம்பர் 14. பிறகு ஏன் ஜூனில் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள்?

மழைக்காகத்தான். ஏழாம் எட்வர்ட் பிறந்ததும் நவம்பர்தான். 1841 நவம்பர் 9, மேலே சொன்ன மேயர் ஊர்வல நாளிலேயே. குளிரிலும் சகதியிலும் படை அணிவகுப்பு எடுபடாது என்று அவர் காலத்தில் விழாவைக் கோடைக்கு நகர்த்தினார்கள். அதற்குப் பின் வந்தவர்களும் ஜூனையே பிடித்துக்கொண்டார்கள். 14-ஆம் தேதி பீரங்கி மரியாதை மட்டும் தனியாக உண்டு.

நவம்பரில் நடந்ததிலேயே பெரிய விஷயம் எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஒன்று சொல்லச் சொன்னால் யாரும் கொண்டாடாத ஒன்றைச் சொல்வேன். 1120 நவம்பர் 25 இரவு நார்மண்டியின் பார்ஃப்ளூர் துறைமுகத்திலிருந்து 'வெள்ளைக் கப்பல்' கிளம்பியது. மாலுமிகள் உட்பட எல்லோருக்கும் நல்ல போதை. கரையைத் தாண்டுவதற்குள் பாறையில் மோதி மூழ்கியது. ஏறத்தாழ முந்நூறு பேர். ரூவன் ஊர்க் கசாப்புக்காரர் ஒருவர் மட்டும் பிழைத்தார். போனவர்களில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் முறைப்படியான ஒரே மகன், 17 வயது வில்லியமும் ஒருவர். வாரிசு போனதால் ஹென்றிக்குப் பிறகு மகள் மடில்டாவும் சகோதரியின் மகன் ஸ்டீஃபனும் பதினெட்டு வருஷம் அடித்துக்கொண்டார்கள், நாடு நாசமானது. வயிற்றுப்போக்கு என்று சொல்லி அந்தக் கப்பலிலிருந்து கடைசி நேரத்தில் இறங்கியவர் இதே ஸ்டீஃபன் என்று அக்காலத் துறவி ஆர்டரிக் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வயிற்றுக் கோளாறு ஒருவரை ராஜாவாக்கியது.

அடுத்து நவம்பர் 17. 1558-இல் முதலாம் மேரி இறந்து, 25 வயது எலிசபெத் அரசியானார். அவர் காலத்தில் ஆண்டுதோறும் ஊர் ஊராக மணியடித்துக் கொண்டாடிய நாள். அவர் போனபின்னும் வெகு காலம் தொடர்ந்தது. இன்று தெருவில் நிறுத்திக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் ஆச்சரியம். சட்டம் போட்ட 5 நின்றது, ஆசைப்பட்டு அடித்த 17 போய்விட்டது.

கோவென்ட்ரி மேல் குண்டு விழும் என்று சர்ச்சிலுக்கு முன்னாலேயே தெரியுமாமே?

1940 நவம்பர் 14 இரவு ஐந்நூறு சொச்சம் ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தைச் சூறையாடின. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பழைய பேராலயம் எரிந்தது. ரகசியச் சங்கேதத்தை உடைத்த விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று சர்ச்சில் ஊரையே பலி கொடுத்தார் என்ற கதை 1974-இல் கிளம்பியது. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. பெரிய தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. அன்று மாலை லண்டனை விட்டு வெளியே கிளம்பிய சர்ச்சில், இலக்கு லண்டன் என்று நினைத்துப் பாதி வழியில் திரும்பிவிட்டார்.

எரிந்த சுவர்களை இடிக்காமல் வைத்து, பக்கத்திலேயே புதுப் பேராலயம் கட்டி 1962-இல் திறந்தார்கள். கோவென்ட்ரியில் படிக்கிற பிள்ளைகள் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். மேலே கூரை இல்லாத அந்த இடத்தில் மழை விழும்போது நின்றால் வேறு விளக்கம் வேண்டியிருக்காது.

முதல் பெண் எம்.பி. யார்? இரண்டு பெயர் சொல்கிறார்கள்.

தேர்வானவரில் முதல்வர் 1918 டிசம்பரில் ஜெயித்த கான்ஸ்டன்ஸ் மார்கியெவிச். அயர்லாந்து விடுதலை இயக்கத்தவர், லண்டன் அவையில் உட்கார மறுத்துவிட்டார். உட்கார்ந்தவரில் முதல்வர் நான்சி ஆஸ்டர். பிளிமத் இடைத்தேர்தல், 1919 நவம்பர் 28. பெண்கள் போட்டியிடலாம் என்ற சட்டமும் ஒரு நவம்பரில்தான் வந்தது: 1918 நவம்பர் 21. அதில் ஒரு வேடிக்கை. 21 வயதுப் பெண் தேர்தலில் நிற்கலாம், ஆனால் வாக்களிக்க 30 ஆக வேண்டும். தனக்கே ஓட்டுப் போட முடியாத வேட்பாளர்!

நவம்பர் 20 ராணிக்கு ராசியில்லாத நாளா?

1947 நவம்பர் 20 இரண்டாம் எலிசபெத்தின் திருமண நாள். 1992-இல் சரியாக அதே நாளில் விண்ட்சர் கோட்டை தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமாயின. பிள்ளைகளின் குடும்பச் சிக்கல்கள் வேறு. நாலு நாள் கழித்து லண்டனில் பேசும்போது இதைக் கொடூர ஆண்டு என்று லத்தீனில் குறிப்பிட்டார். பழுதுபார்க்கும் செலவுக்காக பக்கிங்ஹாம் அரண்மனையைக் கோடையில் டிக்கெட் போட்டுத் திறந்தார்கள். நீங்கள் வரிசையில் நிற்கிறீர்களே, அது அப்படி ஆரம்பித்ததுதான். வேலை முடிந்த தேதி 1997 நவம்பர் 20, அவர்களின் பொன்விழாத் திருமண நாள். ராசியில்லை என்று எப்படிச் சொல்வது?

1703 பெரும்புயலை ஒருவர் நவம்பர் பட்டியலில் சேர்க்கிறார், இன்னொருவர் டிசம்பர் என்கிறார். எதில் போட?

நாட்காட்டிக் கேள்விக்கான பதிலைப் பாருங்கள். பழைய கணக்கில் நவம்பர் 26 இரவு, புதுக் கணக்கில் டிசம்பர் 7. தென் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட புயல் அது. போர்க்கப்பல்கள் பல மூழ்கி, கடற்படையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். பிளிமத்துக்கு வெளியே எடிஸ்டன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டிய ஹென்றி வின்ஸ்டன்லி, தன் கட்டடம் எந்தப் புயலையும் தாங்கும் என்ற நம்பிக்கையில், பழுதுபார்க்கப் போய் அன்றிரவு உள்ளேயே இருந்தார். காலையில் பாறை மட்டும் இருந்தது.

அந்த விளக்கு முதன்முதலில் ஏற்றப்பட்டது 1698 நவம்பர் 14. பழைய கணக்குப்படி விளக்கு வந்ததும் போனதும் நவம்பரில். புதுக் கணக்குக்கு மாற்றினால் போனது டிசம்பராகிவிடும். என் பட்டியலில் நவம்பர் என்றுதான் போட்டிருக்கிறேன்.